எல்லார் பழமும் ஒரே தொட்டியில்

“எல்லார் பழத்தையும் ஒரே தொட்டியில் கொட்டினால், ஒழுங்காகப் பாடுபட்டவனுக்குத்தானே நஷ்டம்?”

2019 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் மைஷோஸ் என்ற ஊரில், திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்க நிலவறையில், கையில் ஒயின் கோப்பையோடு நின்றுகொண்டு இப்படிக் கேட்டேன். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரி. சுருளிப்பட்டிப் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தல். அதனால் திராட்சையைப் பற்றி யார் பேசினாலும் எனக்குக் கொஞ்சம் தலை கனக்கும். எதிரே இருந்தவர் எழுபதைத் தாண்டிய பெண்மணி. மூன்று தலைமுறையாகச் சங்கத்துக்குப் பழம் போடும் குடும்பம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். என் கேள்விக்கு அவர் கோபப்படவில்லை. கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டே, “உங்கள் அப்பாவுக்குத் தோட்டம் எத்தனை இடத்தில்?” என்றார். ஒரே இடத்தில்தான் என்றேன். “என் அப்பாவுக்குப் பதினேழு இடத்தில்” என்றார். அவ்வளவுதான். அடுத்து நின்றவருக்கு ஊற்றப் போய்விட்டார்.

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். நாங்கள் குடியிருக்கும் பான் நகரத்துக்குத் திரும்பும் ரயிலில் கணவரிடம்கூட, “கெட்டிக்காரப் பாட்டி, நழுவிட்டாங்க” என்றேன். ஆனால் அந்தப் பதினேழு என்னை விடவில்லை. சமைக்கும்போது வரும், அப்பாவிடம் விலை கேட்கும்போது வரும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அப்படி வந்ததுதான்.

ஆர் என்றொரு ஆறு

ஆற்றின் பெயரே ஆர். தமிழ்க் காதுக்கு இதைவிட வசதியான பெயர் கிடைக்காது. ஐஃபல் மலைப்பகுதியில் பிளாங்கன்ஹைம் என்ற ஊரில் ஒரு வீட்டின் நிலவறைக்குள் ஊற்றெடுத்து, சுமார் 85 கிலோமீட்டர் ஓடி, சின்சிக் அருகே ரைன் நதியில் விழுகிறது. சாதாரண நாளில் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கடந்துவிடலாம் போலிருக்கும். அதன் கீழ்ப்பகுதியில்தான் ஒயின் ஊர்கள். மைஷோஸ் அவற்றில் ஒன்று. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்.

ஊருக்கு மேலே பாறை உச்சியில் சாஃபன்பூர்க் கோட்டையின் இடிபாடு நிற்கிறது. ஆர் பள்ளத்தாக்கிலேயே பழைய கோட்டை அதுதான். 11-ஆம் நூற்றாண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போரில் தகர்த்துவிட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், நெப்போலியன் போனபின் 1815-ல் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசு வந்தது. கோட்டைகளின் கதை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது கோட்டைக்குக் கீழே இருக்கும் சரிவு. ஆட்டுக்குட்டி ஏறுவதற்கே யோசிக்கும் செங்குத்து. அதில் காரை பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள், ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் ஒரு பாய் அகலத்துக்கு மண், அந்த மண்ணில் இரண்டு மூன்று வரிசைக் கொடி. நம் பந்தல் மாதிரி தலைக்கு மேலே படரவிட மாட்டார்கள். கம்பிக்கும் குச்சிக்கும் கட்டி இடுப்புயரத்தில் நிறுத்துவார்கள். மண் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். கையில் அள்ளினால் பாதி கறுத்த பலகைக்கல் சில்லு. பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குக் கொடுக்கிறது. இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரில் சிவப்புத் திராட்சை பழுப்பதற்கு அந்தக் கல்தான் காரணம். உலகம் பினோ நுவார் என்று சொல்லும் அந்தத் திராட்சை வகையை இவர்கள் ஷ்பேட்பூர்குண்டர் என்கிறார்கள். அக்டோபரில் அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கும் இளஞ்சூடு இருந்தது.

விலை யார் சொல்வது

எங்கள் ஊரில் பழம் வெட்டுகிற நாளில் வியாபாரி தோட்டத்துக்கு வருவார். பந்தலுக்குக் கீழே குனிந்து நாலு குலையைத் தூக்கிப் பார்ப்பார், ஒன்றை வாயில் போடுவார், உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் போய்விடும். “வேற ஆளுக்குக் கொடுத்துக்கங்க” என்று அவர் சொல்லும்போது, வேற ஆளும் அவர் மச்சினன்தான் என்பது அப்பாவுக்குத் தெரியும். பழுத்த பழம் காத்திருக்காது, வியாபாரி காத்திருப்பார்.

19-ஆம் நூற்றாண்டின் ஆர் பள்ளத்தாக்கைப் படிக்கும்போது இந்த உதட்டுப் பிதுக்கல்தான் கண்ணுக்குள் நின்றது. பிரஷ்யாவுக்குள் வந்த புதிதில் ஆர் ஒயினுக்கு யோகம். நாட்டுக்குள் போட்டி குறைவு, தெற்கே விளைந்த ஒயினுக்குச் சுங்கச்சுவர். 1834-ல் ஜெர்மானிய நாடுகள் சேர்ந்து சுங்க ஒன்றியம் அமைத்தபோது அந்தச் சுவர் விழுந்தது. வெயில் கூடுதலான தெற்குப் பகுதிகளின் ஒயின் தடையில்லாமல் வடக்கே வந்தது. ஆர் ஒயினின் விலை சரிந்தது. அதோடு குளிரும் மழையுமாகப் பழம் பழுக்காத வருஷங்கள். சாறு பிழிந்து பீப்பாயில் வைத்துக் காத்திருக்க வசதியில்லாதவன் வியாபாரி வைத்த விலைக்கு அறுவடையிலேயே கொடுத்தான். மண்ணையும் கொடியையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினவர்கள் ஏராளம்.

இத்தனைக்கும் நடுவே நிலம் துண்டுதுண்டாகிக்கொண்டே வந்தது. இந்தப் பக்கத்தில் சொத்து மூத்த மகனுக்குப் போகும் வழக்கம் கிடையாது. மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. நெப்போலியன் காலத்துச் சட்டம் அதை இன்னும் அழுத்தமாக்கியது. சமபங்கு என்றால், ‘மேற்குச் சரிவு உனக்கு, ஆற்றோரம் எனக்கு’ என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெயில் விழும் சரிவிலும் எல்லாருக்கும் ஒரு கீற்று வேண்டும், நிழல் பக்கத்திலும் ஒரு கீற்று. அதில் பிறந்த பிள்ளைகள் அந்தக் கீற்றையும் பிரித்துக்கொள்வார்கள். கல்யாணத்தில் வந்த கீற்று ஊரின் மறுகோடியில் இருக்கும்.

பாட்டி சொன்ன பதினேழு இதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

1868

மைஷோஸில் 18 திராட்சை விவசாயிகள் சேர்ந்து சங்கம் தொடங்கிய வருஷம் 1868. இன்றும் இயங்கும் ஒயின் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களில் உலகத்திலேயே பழையது தங்களுடையதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். ‘இன்றும் இயங்கும்’ என்ற சொல் முக்கியம், ஏனென்றால் நெக்கார்சுல்ம் என்ற இன்னொரு ஜெர்மன் ஊரில் 1855-லேயே ஒன்று தொடங்கியிருந்தது. மூப்புச் சண்டையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த 18 பேர் கையெழுத்துப் போட்ட நேரத்தை.

கூட்டுறவு என்றதும் நமக்கு உடனே ‘ஒற்றுமையே பலம்’ வகைச் சுவரெழுத்து ஞாபகம் வரும். அந்த 18 பேரும் ஒருவரையொருவர் நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில், அடுத்தவன் கல்சுவரை அரை முழம் தள்ளிக் கட்டினான் என்று பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் கட்டாயம் இருந்திருக்கும். மழையில் நனைந்த பழத்தைக் கொண்டுவந்து எடை காட்டுவான் என்ற பயம் இருந்திருக்கும். நல்ல குலையை வீட்டுப் பீப்பாய்க்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சங்கத்தில் கொட்டுவான் என்ற சந்தேகம் இருந்திருக்கும். நான் 2019-ல் கேட்ட கேள்வியை 1868-ல் யாரும் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

சட்டம் இன்னும் கடுமை. பிரஷ்யாவின் கூட்டுறவுச் சட்டம் 1867-ல்தான் வந்திருந்தது. அதன்படி சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து முழுக்கப் பொறுப்பு. போட்ட பங்குத்தொகையோடு தப்பிக்கும் வசதி, அதாவது வரையறுத்த பொறுப்பு, 1889 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆகவே 1868-ல் கையெழுத்துப் போட்டவன், பக்கத்து வீட்டுக்காரன் செய்யும் முட்டாள்தனத்துக்குத் தன் வீடு, மாடு, பதினேழு கீற்று எல்லாவற்றையும் பிணையாக வைத்தான். இதை நம்பிக்கை என்று சொல்லலாம். எனக்கென்னவோ வேறு வழியில்லாதவர்களின் கணக்கு என்றுதான் படுகிறது. ஏமாற்றக்கூடிய பக்கத்து வீட்டுக்காரன் ஒரு பக்கம், கட்டாயம் ஏமாற்றப்போகும் வியாபாரி இன்னொரு பக்கம்.

சரி, பழம் கலப்பதற்கு வருவோம். என் கேள்வியில் எனக்கே தெரியாமல் ஒரு பொய் இருந்தது. ‘ஒழுங்காகப் பாடுபட்டவன்’ தன் நல்ல பழத்தைத் தனியாக வைத்திருந்தான், சங்கம் வந்து அதைக் கலக்கச் சொன்னது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு கீற்று வைத்திருந்தவனிடம் எத்தனை பீப்பாய் இருந்திருக்கும்? ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொரு கீற்றிலிருந்தும் முதுகுக்கூடையில் நாலைந்து நடை. வெயில் சரிவுப் பழமும் ஆற்றோரப் பழமும் அவன் வீட்டு நிலவறையிலேயே ஒன்றாகத்தான் கலந்தாக வேண்டும். நல்ல சரிவில் இருக்கும் இரண்டு கீற்றுப் பழத்துக்கென்று தனிப் பீப்பாய் வைத்தால் பாதிகூட நிறையாது. நிறையாத பீப்பாயில் காற்று புகுந்து ஒயின் புளித்துப்போகும். கலப்பது சங்கம் கொண்டுவந்த பழக்கமே இல்லை. ஏழையின் வீட்டில் அது முன்பே நடந்துகொண்டிருந்தது.

சங்கம் வந்ததும் நடந்தது நேர் எதிர். ஊரின் பழமெல்லாம் ஒரே வாசலுக்கு வந்தபிறகு, முதல் தடவையாகப் பிரித்து வைக்க முடிந்தது. வெயில் சரிவில் இருபது பேருடைய இரண்டு இரண்டு கீற்றுப் பழமும் சேர்ந்தால் ஒரு முழுப் பீப்பாய். இன்று மைஷோஸ் பாட்டில்களில் மென்ஷ்பெர்க், லாகர்பெர்க், பூர்க்பெர்க் என்று சரிவின் பெயரே அச்சாகியிருக்கிறது. தனித்தனியாக நின்ற காலத்தில், பெரிய பண்ணைக்காரனைத் தவிர ஊரில் யாராலும் அப்படி ஒரு பெயரைப் பீப்பாயில் எழுதியிருக்க முடியாது. இது புரிந்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று கணவர் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

நியாயமான பங்குக்கும் வழி உண்டு. இப்போதெல்லாம் பழம் கொண்டுவருபவருக்கு எடையை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. சாற்றில் ஒரு துளி எடுத்து எக்ஸ்லே அளவு பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் கனம் என்பதுதான் அது. இனிப்பு கூடக் கூட எண் ஏறும். நம் ஊர்ப் பால் சங்கத்தில் கொழுப்புப் பார்த்துக் காசு போடுவது போலத்தான். அங்கே உதட்டைப் பிதுக்க ஆள் இல்லை, கருவி இருக்கிறது.

சங்கம் தாக்குப்பிடித்தது. சில வருஷங்களிலேயே அக்கம்பக்கத்து ஊர்களும் இதே வழிக்கு வந்தன. 1886-ல் ரயில் பாதை பக்கத்து ஊரான ஆல்ட்டனார் வரை நீண்டதும் பெரிய நகரங்களின் சந்தை பக்கத்தில் வந்துவிட்டது.

இடையில் ஒரு மதராஸ்காரர்

கூட்டுறவு என்றாலே எனக்கு ஒரு இளக்காரம் இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றில், அப்பா வாங்காத கடன் அவர் பேரில் எழுதப்பட்டிருந்தது. அதை அழிக்க நாலு வருஷம் அலைந்தார். சங்கம் என்றால் கையாடல், தேர்தல், வெற்றிலை எச்சில் படிந்த சுவர் என்றே வளர்ந்தவள் நான்.

மைஷோஸுக்கு அதிக தூரமில்லை, ரைனின் மறுகரையில் நாய்வீட் நகரம். விவசாயிகளின் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய ரைஃபைசன் வேலை பார்த்து, 1888-ல் இறந்தது அந்தப் பக்கத்தில்தான். 1890-களில் மதராஸ் அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் விவசாயக் கடன் முறைகளைப் படித்துவரச் சொன்னது. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அத்தனை பக்கங்களின் சாரத்தையும் இரண்டே சொல்லில் சொன்னார்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது. அப்பா பேரில் பொய்க் கடன் எழுதிய அந்தப் பேரேட்டின் பூர்வீகம், நான் வாரக்கடைசியில் ஊர் சுற்றும் இதே ரைன் கரைதான். இதை அப்பாவிடம் சொன்னபோது, “அங்கயும் அப்பிடித்தான் எழுதுவாங்களாத்தா?” என்று கேட்டார்.

சேறு

2021 ஜூலை 14 இரவு. பானில் எங்கள் வீட்டு மாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது, நாங்கள் தூங்கப் போய்விட்டோம். அங்கே ஆல்ட்டனாரில் ஆற்றின் அளவுமானி 5.75 மீட்டர் காட்டிவிட்டு நின்றுபோயிருந்தது. அதற்கு முன் அதன் பதிவுகளில் இருந்த உச்சம் 2016-ல் வந்த 3.71 மீட்டர். அன்றைய வெள்ளம் கிட்டத்தட்ட 10 மீட்டருக்கு ஏறியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஆர் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மைஷோஸுக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. பக்கத்து ஊர் ரெஹ்ஹில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து நின்ற கல்பாலம், 1910 வெள்ளத்துக்குத் தாங்கியது, இந்தத் தடவை உடைந்தது.

1910 வெள்ளம் என்றேன். ஜூன் 13 அன்று வந்து 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் ரயில் பாதை போட வந்த கூலித் தொழிலாளர்கள். அதற்கும் முன்னால் 1804 ஜூலை 21: 63 பேர், 129 வீடுகள், 18 ஆலைகள், ஏறக்குறைய எல்லாப் பாலங்களும். பானில் இருக்கும் ரோகன்காம்ப், ஹெர்கெட் என்ற இரண்டு புவியியலாளர்கள் பழைய வீட்டுச் சுவர்களில் இருந்த வெள்ளக்கோடுகளையும் ஆவணங்களையும் வைத்து அந்த வெள்ளங்களின் அளவைக் கணக்கிட்டு 2014-லேயே கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அரசின் வெள்ள அபாய வரைபடம் அளவுமானிப் பதிவை நம்பியது. அந்தப் பதிவு 1940-களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. 1804-ம் 1910-ம் வரைபடத்தில் இல்லை. 1910-க்குப் பிறகு மேற்பகுதியில் தடுப்பணைகள் கட்டத் திட்டம் போட்டார்கள், கட்டவில்லை. 1920-களில் அதே மலைப்பகுதியில் கட்டப்பட்டது நூர்பூர்கிரிங் கார்ப் பந்தயப் பாதை. இதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

ஆகஸ்டில் உதவிக்குப் போனவர்களோடு நானும் போனேன். ஒரு நிலவறையின் படிகளில் வரிசையாக நின்று சேற்று வாளியைக் கைமாற்றினோம். சேறு என்றால் வயல் சேறு இல்லை. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து கலந்த, மூக்கில் நாலு நாள் தங்கும் சேறு. நடுவில் திடீரென்று வாளிக்குப் பதிலாகப் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. உடையாதவை. தக்கை கெட்டியாக இருந்தது, உள்ளே ஒயின் நன்றாகவே இருந்தது, லேபிள்தான் சேற்றுக்குள். எனக்கு மேல்படியில் நின்ற பையன் மோசல் ஆற்றுப் பக்கத்து ஒயின் குடும்பம். “எங்கள் வீட்டில் அறுவடைக்கு முன் ஆயிரம் வேலை கிடக்கிறது” என்று சொல்லிக்கொண்டே வாங்கி வாங்கி அடுக்கினான். அந்த வருஷம் அவனைப் போல ஜெர்மனியின் மற்ற ஒயின் ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் பல தோட்டங்களில் இலை கிள்ளியதும் பழம் வெட்டியதும்.

அந்தப் பாட்டில்களைக் கழுவாமல், சேற்றோடேயே ‘வெள்ள ஒயின்’ என்று விற்கலாம் என்று அந்தப் பள்ளத்தாக்கில் சிலருக்குத் தோன்றியது. இணையத்தில் நிதி திரட்டினார்கள். 40 லட்சம் யூரோவுக்கு மேல் வந்தது. நானும் பணம் கட்டினேன். பல தோட்டத்துப் பாட்டில்கள் கலந்த குவியலிலிருந்து ஒரு பாட்டில் அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்தது.

மைஷோஸ் பாட்டியின் பெயரை நான் அன்றைக்குக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு தடவை அந்த ஊருக்குப் போனேன். “எழுபது வயதுக்கு மேல், வெள்ளைத் தலை, அப்பாவுக்குப் பதினேழு இடத்தில் கொடி” என்று சொல்லி யாரிடம் விசாரிப்பது? அந்த ஊரில் பாதிப் பேருக்கு அது பொருந்தும்.

பாட்டில் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் இருக்கிறது. சேறு காய்ந்து வெளிறிவிட்டது. புத்தகம் எடுக்கும்போதெல்லாம் ஒரு சில்லு உதிர்ந்து கீழ்த்தட்டில் விழும். “ஒரு தடவை வெந்நீரில் காட்டினால் லேபிள் தெரியும், யாருடையது என்று பார்த்துவிடலாம்” என்று கணவர் மாதத்துக்கு ஒரு முறை சொல்கிறார். நான் விடவில்லை. போன வாரம் அப்பா வீடியோவில் வந்தபோது கேமரா தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியது.

“என்னத்தா அது, மண்ணு அப்பின மாதிரி?”

“ஒயின் பாட்டில்ப்பா. வெள்ளத்துல தப்பிச்சது.”

“யார் தோட்டத்துது?”

“தெரியலப்பா.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “என்ன விலைக்குக் கொடுத்தாங்க?” என்றார். சொன்னேன். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டார்.